டபுள் விசில் பாலைவனத்துக்குப் போனான்

தனியாகப் போகத் தெரியாத மனிதன் சென்னையிலேயே ஒருத்தன்தான் இருக்கிறான். அவன்தான் ராயப்பேட்டையிலிருந்து ராஜஸ்தான் பாலைவனம் வரைக்கும் தன்னந்தனியாகச் சைக்கிளில் போனான். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் படிக்கலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். டிப்போ முழுக்க அவன் டபுள் விசில்தான். நான் பஸ் டிரைவர், அவன் என் கண்டக்டர். சைதாப்பேட்டையில் கிளம்பி, தி.நகரில் நசுங்கி, ராயப்பேட்டையில் பிதுங்கி, மயிலாப்பூர் குளத்துப் பக்கம் போய் மூச்சு விடுகிற ரூட். எங்கள் ஆயுளில் பாதி அந்த ஒரே ரோட்டில்தான் போனது.

ஒரு விசில் என்றால் நில். ரெண்டு விசில் என்றால் போ. இது எல்லா கண்டக்டருக்கும் பொது. ஆனால் இவன் ஊதுகிற மாதிரி எவனும் ஊதியதில்லை. முதல் விசில் வெடுக்கென்று, படியில் தொங்குகிறவனை அதட்டுவது மாதிரி வரும். ரெண்டாவது நீளமாக, சின்னக் குழந்தையை ‘வாடா கண்ணு’ என்று கூப்பிடுகிற மாதிரி வரும். அந்த ரெண்டாவது விசில் எனக்கு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தாலும் கூட்டத்தில் அவன் தெரிய மாட்டான். விசில் வந்தால் வண்டியை எடுப்பேன். கட்டிய மனைவி பேச்சைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு தீபாவளி சமயம், தி.நகர் ஸ்டாப்பிங்கில் ஏறிய கும்பல் அவனை வெளியே தள்ளிவிட்டது. ரோட்டில் விழுந்தவன் பழக்கதோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து டபுள் விசில் கொடுத்தான். நான் எடுத்துவிட்டேன். அடுத்த ஸ்டாப்பிங்கில்தான் வண்டியில் கண்டக்டரே இல்லை என்று தெரிந்தது. பின்னாடியே ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“யோவ் பாய், கீழ வுயுந்துட்டு எதுக்குய்யா ஊதுன?”

“டைம் ஆயிட்சில்ல நைனா!”

இதுதான் அவன். இவனைத் திட்டுவதற்கே எனக்குப் பாதி சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மயிலாப்பூரில் டீ குடிக்கும்போது, முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “நைனா, ராஜஸ்தான்ல ஒரு ரோடு கீதாம். பாசஞ்சர் ஒருத்தரு சொன்னாரு, மிலிட்டிரி ஆளு. ரெண்டு பக்கமும் மணலாம். ஒரு ஆளு கிடையாதாம். அந்த ரோட்டுல கடேசி வரிக்கும் ஒரு தபா போய்ட்டு வந்துடணும். ஒருத்தன் முழங்கை கூட நம்ம மேல படக் கூடாது.”

“அங்க போய் இன்னா பண்ணுவ?”

“சும்மா நிப்பேன்.”

அது எனக்குப் புரிந்தது. ஆயுசு முழுக்க ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்தினவனுக்கு, யாரையும் உள்ளே தள்ளத் தேவையில்லாத ஒரு இடம் வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அதற்கு இவன் லாயக்கில்லை.

ரெண்டு பேரும் ரிடையர் ஆனோம். ராயப்பேட்டையில் ஒரு கடையில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினான். ஒரு வாரம் ஓட்டினான். மேட்டில் நாக்குத் தள்ளியது. நான் போய்ப் பார்த்தால், கடைக்காரன் கடைசியாக வைத்துக் கொடுத்த கியரிலேயே சைக்கிள் இருக்கிறது. ஒரு தடவைகூட மாற்றவில்லை.

“ஏன்யா கியர மாத்தல?”

“அது டிரைவர் வேலையாச்சே நைனா,” என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னான். சர்வீஸ் முழுக்க கியர் பக்கம் அவன் கையே போனதில்லை. அது என் இடம். என் இடத்தில் கை வைக்க அவனுக்குக் கூசியது. நான் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அப்படியும் மேடு வந்தால் எனக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவான்.

முதல் முயற்சி மகாபலிபுரம். ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையில் தர்பூசணித் தோல் மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு, உடம்பைப் பிடிக்கிற டவுசரோடு கும்பல் கும்பலாக ஈ.சி.ஆரில் பறப்பார்களே, அவர்களெல்லாம் போய், இட்லி தின்று, செல்ஃபி எடுத்துத் திரும்பி வந்துவிட்டார்கள். நம் ஆள் சாயங்காலம்தான் முட்டுக்காட்டைத் தாண்டினான். காரணம், வழியில் இருக்கிற ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் அவன் கால் தானாகக் கீழே ஊன்றிவிடுகிறது. கொஞ்ச நேரம் நிற்பான். ஏறுகிறவர்கள் ஏறட்டும் என்று விடுவான். அப்புறம் டபுள் விசில் கொடுத்துக்கொண்டு கிளம்புவான். இருட்டியதும் திரும்பி வந்துவிட்டான்.

ரெண்டாவது முயற்சி பாண்டிச்சேரி. இந்தத் தடவை எந்த ஸ்டாப்பிங்கிலும் நிற்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று போனான். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பக்கம் ஒரு மீன்காரம்மா கூடையோடு நின்று கை காட்டியிருக்கிறாள். கை காட்டினால் இவனால் எப்படி நிற்காமல் போக முடியும்?

“ஏ பாய், திருவான்மியூர் மார்க்கெட்ல வுட்டுடு. பின்னால குந்திக்கிறேன்.”

“குந்து, குந்து. கூடைய மடியில வை. கைய வெளிய நீட்டாத.”

அவளை இறக்கிவிட்டால், அங்கே காலிக் கூடையோடு இன்னொருத்தி குப்பத்துக்குத் திரும்பக் காத்திருக்கிறாள். வண்டி காலியாகத் திரும்பினால் கண்டக்டர் மனசு தாங்குமா? அவளையும் ஏற்றினான். மத்தியானம் வரைக்கும் குப்பத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ட்ரிப் அடித்திருக்கிறான். பாண்டிச்சேரிக்குப் போனவன், சட்டையெல்லாம் மீன் நாற்றத்தோடு, ஒரு பை நெத்திலியோடு வீட்டுக்கு வந்தான்.

பாயம்மா, அதாவது அவன் வீட்டம்மா, நெத்திலியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனதும் என்னைப் பார்த்தே பேசினாள். கோபம் வந்தால் அவனைப் பார்த்துப் பேச மாட்டாள்.

“அண்ணே, உங்க ஆளுகிட்ட சொல்லிடுங்க. தெருவுல தலை காட்ட முடியல. பாண்டிச்சேரி போனாரே இன்னா ஆச்சுன்னு இஸ்திரி போடுறவரு கேக்குறாரு. இன்னும் ஒரே ஒரு தபா. எங்க வேணா போவட்டும், அந்தப் பாலைவனத்துக்கே போவட்டும். முழுசா போய்ட்டு வந்தா, அப்பால நான் ஆயுசுக்கும் வாயத் தொறக்க மாட்டேன். பாதியில திரும்பி வந்தாரு, சைக்கிள் காயலான் கடைக்கு. இனிமே எந்தச் சைக்கிளும் இந்த வாசப்படி ஏறக் கூடாது.”

“இன்னாய்யா சொல்ற?” என்றேன் அவனிடம்.

அவன் சைக்கிள் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றான். ரிடையர் ஆனதிலிருந்து அவன் முகத்தில் உயிர் இருந்தது அந்த இரும்பின் மேல் உட்காரும்போது மட்டும்தான். பாயம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். நான் பார்த்த மனிதர்களில் பிரேக் பிடிக்காத ஒரே ஆள் அவள்தான்.

“போறேன் நைனா,” என்றான்.

ஆடி முடிந்து ஒரு காலையில் கிளம்பினான். தெருவே திரண்டு நின்றது. பின் கேரியரில் மூட்டை. தோளில் பழைய கண்டக்டர் தோல் பை, கழுத்தில் விசில். ‘பிஸ்மில்லா’ சொன்னான். டபுள் விசில் கொடுத்தான். கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். வண்டி நகரவில்லை. நாங்களும் நின்றோம். அவன் என்னைப் பார்த்தான். விசில் கொடுத்தாகிவிட்டது, இன்னும் ஏன் எடுக்கவில்லை என்கிற பார்வை.

“யோவ்! நீதான்யா மிதிக்கணும்!”

“அட, ஆமா!” என்று மிதித்தான். பாயம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

தனிப் பயணம் என்று பெயர்தான். தினமும் எனக்குப் போன் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறும்போது ஒரு நாளில் எத்தனை தடவை என்று கணக்கே இல்லை.

“நைனா, மேடு வந்துட்சி. மழை வேற ஊத்துது. இன்னா கியர்?”

“குறைச்சுப் போடுய்யா.”

“போட்டுட்டேன். இப்போ?”

“இன்னும் குறை.”

“இன்னும் குறைச்சா நடக்குறவன் முந்திடுவான் நைனா.”

“முந்தட்டும்! ரேஸா ஓட்டுற? கஸ்மாலம், போனைக் கீழ வெச்சிட்டு ஹேண்டில் பாரைப் பிடி!”

அந்தக் காட்டு ரோட்டில் ஒரு காட்டெருமை குறுக்கே நின்றதாம். இவன் ஒற்றை விசில் கொடுத்தானாம். எருமை அசையவில்லையாம். “வழியில நிக்காத, உள்ள போ, உள்ள போ! உள்ள எடம் காலியாத்தான் கீது!” என்று கத்தினானாம். அது அவனை ஒரு முறை பார்த்துவிட்டுக் காட்டுக்குள்ளே போய்விட்டதாம். நான் நம்பவில்லை. ஆனால் சென்னை ஜனம் கேட்காததை ஒரு காட்டெருமை கேட்டிருக்கிறது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

மலை இறங்கிக் கொங்கணக் கடற்கரையோடு போனான். தென்னை, சேறு, கழிமுகம். பாலம் இல்லாத இடங்களில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகப் பெரிய படகு இருக்கிறது. முதல் படகில் கூட்டம் ஏறுகிற அழகைப் பார்த்து இவனுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் பேசுகிற உருதுவை எடுத்துவிட்டு, கிழவர்களை உட்காரவைத்து, மீன் கூடைகளை ஓரம் தள்ளி, பைக்குகளை வரிசைகட்டி, படகின் விளிம்பைக் கையால் தட்டி “ரைட்!” என்று குரல் கொடுத்தான். படகு கிளம்பிவிட்டது. படகுக்காரன் இவனிடம் காசே வாங்கவில்லை, சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னான். இருந்தான்.

ராத்திரி தங்குவது எந்த ஊரிலும் பஸ் ஸ்டாண்டில்தான். லாட்ஜை நம்ப மாட்டான். அங்கே இருக்கிற கண்டக்டர்களிடம் தோல் பையைக் காட்டுவான். விசிலைக் காட்டுவான். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, படுக்க இடம் காட்டுவார்கள். சைக்கிளை ஓரமாக நிறுத்தும்போது அதன் பின்பக்கத்தைத் தட்டி, “வா… வா… வா… ஓல்டான்!” என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொள்வானாம். இதைக் குஜராத்தில் ஒரு கண்டக்டர் வீடியோ எடுத்து அனுப்பினான். தெருவே பார்த்துச் சிரித்தது. பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எளைச்சுட்டாரு,” என்றாள்.

குஜராத்தில் உப்பு வெளிகளைத் தாண்டும்போதே அவன் பேச்சு குறைய ஆரம்பித்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

அப்புறம் தீபாவளி நேரம். நான் தி.நகரில் இருந்தேன். என் மனைவி புடவைக் கடைக்குள் போய்ப் பல யுகம் ஆகியிருந்தது. நான் வெளியே பஸ் ஸ்டாப்பிங் பக்கத்தில் பைகளைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற எல்லோரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். உலகத்தில் இருக்கிற அத்தனை முழங்கையும் அன்று அங்கே இருந்தது. போன் அடித்தது. டபுள் விசில்தான் கூப்பிட்டான்.

“நைனா.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எங்க கீற?”

“ஜெய்சல்மர் தாண்டிட்டேன். அந்த ரோட்டுலதான் கீறேன். ரோடு முடியிற எடம் இன்னும் ஒரு மத்தியான தூரம்தான். நைனா… இங்க யாருமே இல்ல.”

“அதுக்குத்தானய்யா போன?”

“ஆமா. ஆனா யாருமே இல்ல நைனா. நடு மணல்ல ஒரு பஸ் ஸ்டாப்பிங் கட்டி வெச்சிருக்கானுங்க. கால ஊனிட்டேன். காலைலேருந்து குந்திக்கினு கீறேன். ஏற ஒருத்தனும் வரல. விசில் ஊதிப் பாத்தேன். அந்தச் சத்தம் போச்சு, போச்சு, போய்க்கினே கீது. எனக்குக் கால் எழும்பல. நானே ஊதி நானே எத்தினி நாள் போறது? மனசு வுட்டுப் போச்சு.”

நான் பதில் சொல்வதற்குள் தொடர்ந்தான்: “ஒரு லாரி வந்து நிக்குது. சைக்கிள மேல போட்டுக்கோ, ஸ்டேஷன்ல வுடுறேன்றான். ஏறிடறேன் நைனா. வூட்ல சொல்லிடு. காயலான் கடைக்காரன வரச் சொல்லிடு.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திட்டினேன். டிப்போவில் கற்ற அத்தனையும் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா குழந்தையின் காதைப் பொத்தினாள். நான் திட்டினால் அவன் பதிலுக்குச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“நைனா, அங்க இன்னா சத்தம்?” என்றான் மெதுவாக.

“தி.நகர்யா. தீபாவளி கூட்டம்.”

“போனைக் கொஞ்சம் வெளிய நீட்டேன்.”

நீட்டினேன். ஜவுளிக் கடை ஸ்பீக்கர், பூ விற்கிறவள், ஆட்டோ ஹாரன், ‘தள்ளிப் போங்க சார்’, குழந்தை அழுகை எல்லாம் அந்தப் பாலைவனத்துக்குப் போயிற்று. திரும்பக் காதில் வைத்தால் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவன் கண்டக்டர் வேலையும் பார்த்து டிரைவர் வேலையும் பார்த்து இத்தனை ஊர் தாண்டியிருக்கிறான். அவன் மிதிப்பான். ஊத வேறு ஆள் வேண்டும்.

“யோவ், லாரிக்காரன நிக்கச் சொல்லு. போன வைக்காத!”

டிரைவரிடம் ஏது விசில்? வாயால் ஊதலாம் என்றால் எனக்கு மேல் வரிசை முழுக்கக் கட்டிய பல். நகைக் கடை வாசலில் செக்யூரிட்டி ஒருத்தன் விசில் ஊதிக் கார்களை விரட்டிக்கொண்டிருந்தான். பைகளைத் தரையில் போட்டுவிட்டு ஓடினேன்.

“தம்பி, விசிலைக் குடு!”

“யோவ் பெருசு, இன்னா பைத்தியமா?”

பேச நேரமில்லை. அவன் கழுத்துக் கயிற்றோடு விசிலை இழுத்து என் வாயில் வைத்தேன். அவன் முகமும் என் முகமும் ஒட்டிக்கொண்டன. போனை முன்னால் பிடித்துக்கொண்டு ஊதினேன். முதலாவது வெடுக்கென்று. ரெண்டாவது நீளமாக, அவன் எனக்கு ஊதினது மாதிரியே. அந்தச் சத்தம் என் உடம்புக்குள் எங்கேயோ இத்தனை வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஸ்டாப்பிங்கில் நின்ற பஸ் கிளம்பிவிட்டது.

டிரைவர் நல்ல டிரைவர். டபுள் விசில் கேட்டான், எடுத்தான். அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் அவனுடைய கண்டக்டர் கீழே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பாட்டிலை எறிந்துவிட்டு, பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே ஓடினான். “ஓல்டான்! ஓல்டான்! எந்தச் சோமாரிடா ஊதுனது?” உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். வெளியே இருந்தவர்கள் கைதட்டினார்கள். செக்யூரிட்டி என் சட்டையைப் பிடித்தான். என் மனைவி சரியாக அப்போதுதான் கடையிலிருந்து வெளியே வந்தாள்.

எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. போனை அழுத்திப் பிடித்திருந்தேன். அப்புறம் ஸ்டாண்ட் எடுக்கிற ‘டக்’. செயின் சத்தம். காற்று.

“ரை…ட்ட்!” என்று அவன் கத்தினான். அப்புறம், “நைனா, எதிர்க்காத்து. இன்னா கியர்?”

“குறைச்சுப் போடுய்யா, கஸ்மாலம்,” என்றேன்.

சாயங்காலம் போட்டோ வந்தது. ரோடு முடிகிற இடம். அந்தப் பக்கம் மணல், இந்தப் பக்கம் மணல். லாரிக்காரனே வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்து எடுத்துக் கொடுத்தானாம். சைக்கிள் நடுவில் நிற்கிறது. இவன் தோல் பையோடு, சொன்ன மாதிரியே, சும்மா நிற்கிறான். பாயம்மா அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். “சொன்னா சொன்னதுதான் அண்ணே,” என்றாள். ரயிலில் வந்து இறங்கியவனின் சைக்கிளை அவளே வாசப்படி ஏற்றி, ஈரத் துணியால் மணலைத் துடைத்தாள். இன்றைக்கு வரைக்கும் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது லடாக் போகப் போகிறானாம். மூச்சு முட்டும்யா, ஐஸ்யா, மலைய்யா என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். “நீ கியர் சொல்லு நைனா, நான் போயிடுவேன்,” என்கிறான். இவனோடு மாரடித்தே என் காலம் போய்விடும்.

நான் பாண்டி பஜாரில் ஒரு விசில் வாங்கியிருக்கிறேன். சட்டை மாற்றினால் அதையும் புதுச் சட்டைப் பைக்கு மாற்றி வைக்கிறேன். எந்த ஸ்டாப்பிங்கில் கால் ஊனி நிற்கப் போகிறானோ, யாருக்குத் தெரியும்?